கபாஹுக்கின் ஞானப்பிள்ளைகள்

பிலிப்பைன்ஸின் செபுவில் பத்தொன்பது வருடமாக ஆட்களை ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாற்றி வைத்துப் பிழைக்கும் நெனிட்டா சுமால்போங்குக்கு, அந்த அக்டோபரில் ஒரு சின்ன விஷயம் பிடிபடவில்லை. பஹாரி கடற்பாசி ஆலையிலிருந்து ஓர் ஆளைக்கூட அவளால் கிளப்ப முடியவில்லை.

அவர்கள் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. போனை எடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். வேலை முடிந்ததும் மந்தாவேயில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து காபி குடித்தார்கள். சம்பளத்தைச் சொன்னதும் அவர்கள் கண் விரிந்ததை நானே பார்த்தேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். மறுநாள் போனில் ஒரு வரி வரும்: மன்னிக்கணும் மேடம், இப்போதைக்கு வேண்டாம். ஒருவர் அப்படிச் சொன்னால் அது அவர் சுபாவம் என்று விட்டுவிடலாம். நாங்கள் கூப்பிட்ட ஏழு பேரும் அதையே சொன்னார்கள். நெனிட்டா அந்த ஏழு செய்திகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பூட்டு இருப்பது தெரிகிறது, சாவித் துவாரம் எங்கே என்று தெரியவில்லை என்றாள்.

நான் அவளிடம் வேலை செய்பவள், டெல்மா. யார் எந்த ஆலையில் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் போன் போடுவது என் பொறுப்பு. அவள் என்னைவிட மூத்தவள் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி மனாங் என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல.

எங்கள் தொழில் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவளுடைய ஆத்திரம் புரியாது. ஒரு கம்பெனிக்கு நல்ல ஆள் வேண்டும் என்றால் எங்களிடம் சொல்வார்கள். தேடுவது, பேசுவது, வடிகட்டுவது, சம்மதிக்க வைப்பது எல்லாம் எங்கள் செலவு. ஆள் வேலையில் சேரும்வரை எங்களுக்கு ஒரு பெசோ கிடையாது. சேர்ந்துவிட்டால் அவருடைய ஒரு வருடச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கம்பெனி எங்களுக்குத் தரும். அவர் சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள், இது தனிக் கணக்கு. மூன்று மாதத்துக்குள் அவர் ஓடிப்போனால் இன்னொருவரை இலவசமாகத் தேடித் தரவேண்டும்.

ஆக நாங்கள் விற்பது ஒரு பெயரை. பெயர் ஒரு விசித்திரமான சரக்கு. காட்டாமல் விற்க முடியாது. காட்டிய நிமிடமே அது வாங்குகிறவன் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: நாங்கள் அனுப்பிய ஆள் ஒரு வருடத்துக்குள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாலும் கட்டணம் எங்களுக்கே. அந்த ஒரு வரியையும், எதிராளியின் நாணயத்தையும் நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

பஹாரி ஆலையின் பொது மேனேஜர் ரெஸ்டிட்டூடோ கபாஹுக்கிடம் அந்த நாணயம் இல்லை. மூன்று வேலைகளுக்கு ஆள் கேட்டார். நெனிட்டா மூன்று நல்ல பெயர்களை அனுப்பினாள். மூவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, ஒருவரும் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டார். சில மாதத்துக்குள் மூவரும் அதே ஆலையில் தொப்பி போட்டுக்கொண்டு நடமாடுவதாக எனக்குத் தகவல் வந்தது. விசாரித்தால், கபாஹுக்கின் மைத்துனன் பெயரில் ஒரு ஆலோசனைக் கம்பெனி இருக்கிறதாம், மூவரும் அதன் ஊழியர்களாம், ஆலைக்குச் சும்மா வந்து உதவுகிறார்களாம்.

நெனிட்டா பில் அனுப்பினாள். பதில் இல்லை. வணிகர் சங்கத்தின் மதிய விருந்தில் அவரைப் பார்த்து, அவர் மேசைக்கே போய்த் தணிந்த குரலில் கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் தட்டோடு நின்றிருந்தேன். கபாஹுக் தணிந்த குரலில் பதில் சொல்லவில்லை.

"நெனிட்டா, நீ ஒரு பேரை கவர்ல போட்டு அனுப்பின. அவ்வளவுதானே? எங்க வீட்டுக்குத் தபால் கொண்டு வர்றவன்கூட இப்படிக் கேக்கறதில்லம்மா."

மேசையில் எட்டு பேர் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் வாடிக்கையாளர்கள். மறுவாரமே அந்த மூவரில் ஒருவர் போன் செய்து, இனி பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டார். ஒரு சிரிப்பு எங்களுக்கு வைத்த செலவு அது.

அன்று விருந்திலிருந்து காரில் திரும்பினோம். பாலத்து நெரிசலில் வண்டி நின்றபோது சொன்னாள்.

"பஹாரியை வாடிக்கையாளர் பட்டியல்லேர்ந்து எடுத்துடு டெல்மா."

"கோர்ட்டுக்குப் போகலாமே மனாங்."

"கோர்ட்டுல தீர்ப்பு வர்றதுக்குள்ள அந்தாளு ரிட்டயர் ஆயிடுவான். எனக்கு அவன் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போதே வேணும்."

பட்டியலிலிருந்து எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. வாடிக்கையாளர் வீட்டு ஆளை நாங்கள் தொடுவதில்லை. எங்களுக்குக் கட்டணம் தரும் கம்பெனியிலிருந்து ஆளைக் கிளப்பி இன்னொருவனுக்குக் கொடுத்தால் அது உண்ட வீட்டுக்கு இரண்டகம். கட்டணத்துக்குக் கிடைப்பது ஆள் மட்டும் இல்லை, இந்தக் காவலும்தான். பெரும்பாலான மேனேஜர்களுக்கு இது தெரியாது. மதில் இருக்கும்வரை அது இருப்பதே அவர்கள் கண்ணில் படாது. பெயரை எடுத்த மறுநொடி பஹாரியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் எங்களுக்குச் சரக்கு ஆனார்கள்.

வாங்கவும் ஓர் ஆள் தயாராக இருந்தார். ஃபெலிசா தியூ என்ற அம்மாள் டானாவ் பக்கம் புதிதாகக் கடற்பாசி ஆலை கட்டிக்கொண்டிருந்தார். கடற்பாசியைக் காரநீரில் வேகவைத்து, பிழிந்து, உலர்த்திப் பொடியாக்குவார்கள். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் நிற்பதும் பற்பசை குழாயிலிருந்து வழியாமல் இருப்பதும் அந்தப் பொடியால்தான். கேட்க எளிது. சூடு கொஞ்சம் கூடினால் பொடி பிடிமானம் இழந்துவிடும், ஐரோப்பாவுக்குப் போன கண்டெய்னர் அப்படியே திரும்பி வரும். அதனால் பழகிய ஆட்கள் இல்லாமல் ஆலையைத் தொடங்க முடியாது. பழகிய ஆட்களில் பெரும்பாலோர் பஹாரியில் இருந்தார்கள். பிப்ரவரியில் கொதிகலனை மூட்டவேண்டும், புத்தாண்டுக்குள் ஆட்கள் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆள் பிடிக்கும் பொறுப்பை மணிலாக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன் என்று தியூ அம்மாள் சொல்லியிருந்தார்.

ஏழு பேர் கிளம்பினால் தியூ அம்மாளின் ஆலை ஓடும், கபாஹுக்கின் ஆலை நிற்கும். கிளம்பாவிட்டால் நெனிட்டா தபால்காரியாகவே இருந்துவிடுவாள். அவள் ராத்தூக்கம் கெட்டதற்குக் காரணம் இதுதான்.

மனிதர்கள் வேலையை விடுவதற்கு மூன்றே காரணம் என்பது அவள் சித்தாந்தம்: காசு, தூரம், மேலே உட்கார்ந்திருக்கிறவன். காசைக் கூட்டிப் பார்த்தாள். தூரம் என்று யாராவது இழுத்தால் ஆலை வேன் வீட்டு வாசலுக்கே வரும் என்றாள். மேலே இருக்கிறவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஏழு பேரும் ஒரே மாதிரி பேச்சை மாற்றினார்கள். பதினைந்து நிமிடம் கிடைத்தால் மேலாளரைத் திட்டாத ஊழியரை நான் பார்த்ததே இல்லை. கபாஹுக்கை ஒருவரும் திட்டவில்லை, புகழவும் இல்லை. கடன் கொடுத்துக் கட்டிவைத்திருக்கிறாரா என்று விசாரித்தேன். இல்லை. பயிற்சிக்கு அனுப்பிப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறாரா? அதுவும் இல்லை.

நவம்பர் கடைசியில் நெனிட்டா ரொசெண்டா லுமாபாஸைச் சாப்பிடக் கூப்பிட்டாள், நானும் கூடப் போனேன். பஹாரியில் ஏற்றுமதிக் காகிதங்கள் முழுக்க ரொசெண்டா கையில்தான். பாசில் என்ற இடத்து மீன் சந்தைப் பக்கம் ஒரு கடையில் புளிப்பு மீன் சூப்பும் ஓலைப்பொட்டலச் சோறும் வாங்கி வைத்துவிட்டு, உங்களை வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை, ஏன் வரமாட்டேன் என்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள் நெனிட்டா. ரொசெண்டா கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.

"காசு இல்ல மேடம் விஷயம். என் மூத்தவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப ஞானத்தகப்பனா நின்னது அவர்தான். சின்னவனுக்கும் அவர்தான். என் கல்யாணத்துல பெரியவரா நின்னு கையெழுத்துப் போட்டதும் அவரு."

"மத்தவங்களுக்கு?"

"லேப்ல இருக்கற ப்ருடென்சியோவோட மூணு பிள்ளைங்களுக்கும் அவர்தான். கொதிகலன் பாக்கறவரோட பையனுக்கு, பேக்கிங்ல இருக்கற அக்காவோட இரட்டைப் பிள்ளைங்களுக்கு. முக்கியமான ஆளுங்க வீட்டுல எல்லாம் அவர்தான் நினோங். யார் வயித்துல பிள்ளைன்னு அவருக்கு எங்க மாமியாருக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்."

நினோங் என்று நாங்கள் சொல்வது ஞானத்தகப்பனைத்தான். நெனிட்டா சிரிக்கவில்லை. இப்போது அவளுக்குப் பூட்டு முழுசாகத் தெரிந்தது. மற்ற மேனேஜர்கள் ஆட்களைச் சம்பளத்தால் பிடித்து வைக்கிறார்கள், அதற்கு வருடா வருடம் செலவாகும். கபாஹுக் ஞானஸ்நானத் தொட்டியருகில் பிடித்து வைத்திருந்தார். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கேக், கிறிஸ்துமஸுக்குப் பணம் வைத்த ஒரு கவர். அதோடு சரி. மலிவான பூட்டு, ஆயுசுக்கும் உழைக்கும்.

"சரி, ஞானத்தகப்பன்தான். வேலை மாறக்கூடாதுன்னு பைபிள்ல எழுதியிருக்கா?"

"மாறலாம் மேடம். திருட்டுத்தனமா மாறக்கூடாது. ஒரு நாள் காலைல லெட்டரை மேசைல வச்சுட்டு ஓடினா, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு எந்த மூஞ்சியோட பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அவர் கையை எடுத்து நெத்தியில வச்சு ஆசி வாங்குவேன்? நான் முதல் நாளே கேட்டேனே, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமான்னு. நீங்கதான் மூச்சு விடக்கூடாதுன்னீங்க."

நெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஏழு பேருமே அதைக் கேட்டிருந்தார்கள். ஏழு பேருக்கும் நான்தான் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தேன். ரகசியம் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதற்குக் காரணமும் உண்டு. போகப்போகிறேன் என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். சம்பளத்தைக் கூட்டுவார், உனக்கு என்ன குறை வைத்தேன் என்பார், கண்ணைக்கூடக் கசக்குவார். வெளியே வரும்போது ஆள் மனம் மாறியிருப்பார். எங்கள் நாலு மாத உழைப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் செத்துப்போயிருக்கும். ஆகவே எல்லோரிடமும் சொல்வோம்: கையெழுத்து ஆகும்வரை மனைவியைத் தவிர யாரிடமும் பேசாதீர்கள்.

வேறு எந்த ஆலையிலும் அது சரி. இங்கே அந்த ரகசியமே குறுக்கே கிடந்தது. சொல்லாமல் போனால் துரோகம். சொன்னால் கபாஹுக் விடமாட்டார். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று நெனிட்டா டிசம்பர் பாதி வரை யோசித்தாள். அதற்குள் தியூ அம்மாள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைகள் தொடங்கின. முதல் நாள் பூசை முடிந்து கோவில் வாசலில் அரிசி ஆப்பம் வாங்க நின்றோம். மேலும் கீழும் கரி போட்டு ஆப்பம் சுடுகிற அம்மாள், வாடிக்கைக்காரியிடம் தன் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதினான்கு ஞானப்பிள்ளைகள், இருபத்தைந்தாம் தேதி காலையிலேயே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவான், பிள்ளைகள் வந்து கிறிஸ்துமஸ் காசு கேட்டால் அவனால் இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே இருக்கவே மாட்டான் என்றாள். எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழைய வேடிக்கை அது. நானும் சிரித்தேன். நெனிட்டா ஆப்பத்தை வாங்காமலேயே நின்றாள்.

"கபாஹுக் ஒளிஞ்சுக்குவானா?" என்று கேட்டாள்.

ஒளிந்துகொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும், ரொசெண்டா சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸ் காலையில் வரவேற்பறையில் பெரிய நாற்காலி போட்டு உட்காருவாராம். ஒரு பக்கம் பங்குச் சாமியார், மறுபக்கம் மணிலாவிலிருந்து வரும் ஆலை முதலாளியின் மகன். ஞானப்பிள்ளைகள் பெற்றோரோடு வரிசையாக வந்து அவர் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துச் சிவப்புக் கவரை வாங்கிப் போவார்களாம். முதலாளி மகனுக்கு வருடா வருடம் காட்டும் காட்சி: பாருங்கள், உங்கள் ஆலை எவ்வளவு இறுக்கமாக என் கையில் இருக்கிறது.

"அப்படின்னா வருஷத்துல ஒரு நாள் அவனால மாட்டேன்னு சொல்ல முடியாது" என்றாள் நெனிட்டா. "வசூலுக்கு நல்ல நாள்."

அன்று முதல் அவள் ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டாள். ப்ருடென்சியோ துமுலாக்கிடம் பேசியபோது நான் அறையில் இருந்தேன். அவர் லேப் தலைவர், எதையும் இரண்டு முறை சோதிக்காமல் நம்பாத மனிதர். நெனிட்டா அவரிடம் பழைய பேச்சை எடுக்கவே இல்லை.

"ரகசியம் வேண்டாம் சார். நீங்க அவர்கிட்ட சொல்லிட்டே வாங்க. ஆனா ஆபீஸ்ல வேண்டாம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு வழக்கம்போல பிள்ளைங்களோட போங்க, கையை நெத்தியில வைங்க. புது வேலை கிடைச்சிருக்கு நினோங், இந்த வருஷம் எங்களுக்குக் கவர் வேண்டாம், உங்க ஆசீர்வாதம் போதும்னு எல்லார் முன்னாடியும் கேளுங்க."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"ஞானப்பிள்ளைங்க நிக்கும்போது, பாதர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது, ஆசீர்வாதம் தரமாட்டேன்னு சொல்றவரா அவர்?"

ப்ருடென்சியோ அதை மனசுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு முகம் தளர்ந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ரொசெண்டா அழுதுகொண்டே போட்டாள். ஒரு வாரத்துக்குள் ஏழு பேரும் போட்டுவிட்டார்கள். வருடக் கடைசியில் கூடுதலாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் கைக்கு வந்தாகவேண்டும் என்பது சட்டம், ஆகவே அந்தக் காலையில் அவர்கள் இழப்பதற்கு அங்கே எதுவும் பாக்கி இருக்காது. அதையும் அவள் யோசித்துத்தான் நாள் குறித்திருந்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களும் அதே காலையில் அதையே கேட்கப்போவதைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"ஒருத்தர் வேலை மாறுறதை இன்னொருத்தர்கிட்ட சொல்றது தொழில் தர்மம் இல்ல டெல்மா" என்றாள்.

அப்போது அவள் முகத்தில் இருந்தது தர்மம் இல்லை.

கிறிஸ்துமஸ் காலையில் நடந்ததை ரொசெண்டாவும் ப்ருடென்சியோவும் பின்னால் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பன்றி வறுவலின் வாசனை தெருமுனைவரை வந்ததாம். கபாஹுக் அன்னாசி நாரில் நெய்த வெள்ளை பினாச் சட்டையில் நாற்காலியில் இருந்தார், மடியில் சிவப்புக் கவர்கள். வரிசையில் முதலில் ப்ருடென்சியோ, மூன்று பிள்ளைகளோடு. பிள்ளைகள் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்தார்கள். கபாஹுக் கவரை நீட்டினார். ப்ருடென்சியோ, நெனிட்டா சொல்லிக்கொடுத்தபடியே, வாத்தியாரிடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சத்தமாகக் கேட்டார். கபாஹுக் கவரை மடியில் திரும்ப வைத்தார். பிறகு சிரித்தார். சாமியாரைப் பார்த்து, பிள்ளைகள் வளர்ந்தால் பறக்கத்தானே செய்யும் என்றார். ப்ருடென்சியோவின் தலையில் கைவைத்து, கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக என்றார். அழகாகவே செய்தாராம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

அடுத்து கொதிகலன்காரர் மகனோடு வந்தார். புது வேலை கிடைச்சிருக்கு நினோங், எங்களுக்குக் கவர் வேண்டாம் என்று தொடங்கினார்.

வரிசையில் நின்ற ரொசெண்டாவுக்கு அந்த இடத்தில்தான் காது அடைத்ததாம். தன் வாயில் இருந்த அதே வார்த்தைகள். திரும்பிப் பார்த்தால் பின்னால் பேக்கிங் அக்கா இரட்டைப் பிள்ளைகளோடு வெளிறிப்போய் நிற்கிறாள். அவள் பார்வையிலேயே ரொசெண்டாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கபாஹுக் கொதிகலன்காரரையும் ஆசீர்வதித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கதவைச் சாத்திப் பேச அங்கே அறை இல்லை. சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லவும் முடியாது, ஒருவருக்குச் சொன்னால் அந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஆசீர்வதித்துவிட்டதால் அடுத்தவரை மறுக்கவும் வழியில்லை. மூன்றாவதாக ரொசெண்டா மண்டியிட்டபோது முதலாளி மகன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இவங்க என்ன வேலை பாக்கறாங்க என்று கேட்டான். ஏற்றுமதி என்றார் கபாஹுக். அதற்கு முன்னால் போனவர்? கொதிகலன். அதற்கும் முன்னால்?

ஏழாவது ஆளின் தலையில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டாராம், சாமியார்தான் மெல்ல எடுத்துவிட்டார். கவர்கள் நிறைய மிச்சம் இருந்தன. முதலாளி மகன் சாப்பிட உட்காரவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் மணிலாவுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே ரொசெண்டா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நெனிட்டாவும் அங்கேதான் இருந்தாள். ரொசெண்டா உட்காரவில்லை.

"எங்களைக் கவர் வாங்க வந்த குழந்தைங்க மாதிரி வரிசையில நிக்க வச்சுட்டீங்க மேடம். அந்தாளு மூஞ்சியைப் பாத்தீங்களா? நான் பாத்தேன்."

"அதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலையே" என்றாள் நெனிட்டா. "நல்லாச் சொல்லு. ரொம்ப வெளிறினானா?"

ரொசெண்டா அவளை வெறித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் புது வேலையை விடவில்லை. ஆசீர்வாதம் வாங்கியாயிற்று, நோட்டீஸ் கொடுத்தாயிற்று, ஒரு மாதம் கழித்து டானாவ் வேன் அவள் வாசலில் வந்து நின்றபோது ஏறிக்கொண்டாள். ஏழு பேரும் ஏறினார்கள். தியூ அம்மாள் ஏழு கட்டணத்தையும் பேரம் பேசாமல் கொடுத்தார். மூன்று மாதமும் தாண்டியது, ஒருவரும் திரும்பி ஓடவில்லை. பாதிக் கட்டணம் கேட்டவர், இடையில் ஒரு நாள் போன் செய்து, பழைய கட்டணமே இருக்கட்டும், தன் கம்பெனி இன்னும் வாடிக்கையாளர் பட்டியலில்தானே இருக்கிறது என்று கேட்டார். ஊரில் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

கபாஹுக் போன் செய்தது புத்தாண்டு முடிந்த முதல் வேலை நாளில். முதலாளி வீட்டிலிருந்து நெருக்குகிறார்கள், உடனே ஏழு பேர் வேண்டும் என்றார். தபால்காரர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

"தேடித் தர்றேன் சார். ஆனா நீங்க இப்ப எங்க வாடிக்கையாளர் இல்லையே. பழைய மூணு பேரோட பில்லைக் கட்டிட்டீங்கன்னா ஆயிடுவீங்க. ஆயிட்டா உங்க ஆலையில நாங்க கைவைக்க மாட்டோம்."

இனி கைவைக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று கபாஹுக் கேட்டார். அது உங்க பாடு சார் என்றாள். அந்த வாரமே செக் வந்தது. பணம் கணக்கில் ஏறியதை உறுதி செய்துகொண்டு, பஹாரியின் பெயரைப் பட்டியலில் திரும்ப எழுதினேன். புதிய ஏழு பேருக்குக் கட்டணம் முன்பணமாகத் தரவேண்டும் என்று நெனிட்டா எழுதச் சொன்னாள். தந்தார். ஆட்களைத் தேடித் தர அவள் ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள். வேகமாகத் தேடுவாள் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இப்போதெல்லாம் ஒரு கம்பெனியிலிருந்து ஆளைக் கிளப்பும் முன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் என்ன என்பது இல்லை; உங்கள் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் யார் என்பது. வேறு யாரோ என்றால் பழைய வழிதான், கையெழுத்து ஆகும்வரை மூச்சு விடாதீர்கள் என்போம். மேனேஜர்தான் என்றால் ரகசியம் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் வரை காத்திருந்து, பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க ஆசீர்வாதம் கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறோம். அன்று அவரால் மறுக்க முடியாது. அவர் மறுக்காததால் இவர்களும் நிம்மதியாகப் போகிறார்கள், திரும்பி வருவதில்லை.